‘நான் படிக்கவில்லை’ என்றால் விடுமா சட்டம்?

கீரனூர் பக்கம் பெட்டிக்கடைகளில் வாழைத்தாருக்கு அருகே வார இதழ்கள் கயிற்றில் தொங்கும். கடைக்காரர் அவற்றைப் புரட்டுவதுகூட இல்லை. ஏஜெண்ட் போட்டுவிட்டுப் போவார், விற்காததை எடுத்துக்கொள்வார். ஆனால் அதில் ஒன்று ஆபாசம் என்று வழக்கு வந்தால், எழுதியவருக்கு முன்பே மாட்டிக்கொள்பவர் கடைக்காரராக இருக்கலாம்.

பம்பாயில் ‘ஹேப்பி புக் ஸ்டால்’ நடத்திய நான்கு பங்குதாரர்களில் ஒருவர் ரஞ்சித் உதேஷி. டி.எச். லாரன்ஸின் ‘லேடி சாட்டர்லியின் காதலன்’ நாவலை வாடிக்கையாளர் போல வந்தவரிடம் விற்றதற்கு ஆளுக்கு 20 ரூபாய் அபராதம். உதேஷி உச்ச நீதிமன்றம் வரை போனார். கடையில் உள்ள புத்தகத்தையெல்லாம் வியாபாரி படித்துப் பார்க்க முடியுமா? நியாயமான கேள்விதான். 1964-ல் நீதிபதி ஹிதயத்துல்லா எழுதிய தீர்ப்பு அதை ஏற்கவில்லை. உள்ளே இருப்பது விற்றவருக்குத் தெரியும் என அரசுத் தரப்பு நிரூபிக்கத் தேவையில்லை. தெரியாதது தண்டனையைக் குறைக்கலாம், குற்றத்தைப் போக்காது.

எது ஆபாசம் என்பதற்கு அன்று இங்கிலாந்தின் 1868 தீர்ப்புதான் அளவுகோல். 2014-ல் உச்ச நீதிமன்றம் அதைக் கைவிட்டு, இன்றைய சமூகத்தின் பார்வையில் படைப்பை முழுதாகப் பார்க்கச் சொன்னது. 2016-ல் பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ ஆபாசமல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னபோது அந்தப் பார்வை கைகொடுத்தது. இலக்கியம், அறிவியல், கலைக்காகப் பொது நன்மை கருதி வெளியிடுபவை சட்டத்துக்கு வெளியே. கோயில் சிற்பங்களும் தேரில் செதுக்கியவையும் அப்படியே.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருப்பது பாரதிய நியாய சன்ஹிதா. 294-வது பிரிவின்படி விற்றாலும், விற்க வைத்திருந்தாலும் முதல் முறை 2 ஆண்டு வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம். சிறுவர்களுக்கு விற்றால் 295-வது பிரிவு: சிறை 3 ஆண்டு வரை, அபராதமோ 2,000 ரூபாய்தான். சட்டம் எழுதியவர்கள் பழைய தொகையை மாற்ற மறந்துவிட்டார்களோ என்னவோ. பழைய சட்டத்தில் 20 வயதுக்குக் கீழ் என்றிருந்த வரம்பு இப்போது 18.

கயிற்றில் தொங்கும் இதழைவிட இன்று கையில் இருக்கும் போன்தான் வினை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-வது பிரிவுக்குக் காசு கைமாற வேண்டியதில்லை. வாட்ஸ்அப் குழுவில் வந்த ஆபாசப் படத்தை அப்படியே தள்ளிவிட்டவரும் அதில் சிக்கலாம். முதல் முறைக்கே 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம்.