ஒரே கூண்டில் இரண்டு ஆண்கள்

பேகம் பஜாரில் பாத்திரம் விற்கிறவனுக்கு விலங்கு சாஸ்திரம் எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். இது என் பேத்தியால் நான் கற்ற பாடம். அவளுக்காக இரண்டு கினிப் பன்றிகள் வாங்கினோம். இரண்டும் ஆண், ஒன்றாகவே வளர்ந்த குட்டிகள். நாலைந்து மாதம் ஒட்டிப் படுத்துக் கிடந்தன. ஒருநாள், "தாத்தா, ரெண்டும் அடிச்சுக்குது!" என்று அலறினாள். ஓடிப்போய்க் கையை நடுவில் விட்டேன். விரலில் சரியான கடி. அடுத்து நான் செய்தது அதைவிடப் பெரிய பிழை. இரண்டையும் வேறு வேறு அறையில் போட்டேன். சின்னது மூலையில் ஒடுங்கிக்கொண்டு தீனியைப் பாதியாக்கிவிட்டது. பயந்துபோய் மருத்துவரிடம் ஓடினேன்; பிறகுதான் உட்கார்ந்து படித்தேன்.

பெயரும் பிறப்பும்

இது கினி நாட்டுப் பிராணியும் அல்ல, பன்றியும் அல்ல; எலி, அணில் போலக் கொறிக்கும் இனம். ஆண்டீஸ் மலை மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உணவுக்காகப் பழக்கியது. 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா போய்ச் செல்லப் பிராணி ஆயிற்று. கூட்டமாய் வாழப் பிறந்தது. சுவிட்சர்லாந்தில் 2008 முதல் இதைத் துணையின்றி வளர்ப்பதே விதிக்குப் புறம்பு. எனவே சண்டை வந்ததும் பிரித்து மூலையில் போடுவது ஒருவகை ஹிம்சைதான். எறும்புக்கும் வழிவிடச் சொன்ன மரபில் வந்த எனக்கு இது உறைத்தது.

சண்டையா, சச்சரவா?

ஏறக்குறைய மூன்று மாதம் முதல் ஓராண்டு வரை ஆண்களுக்கு முறுக்கேறும் பருவம். யார் பெரியவன் என்று தீர்மானிக்கப் பார்க்கும். மூன்று படிகளைப் பிரித்தறிய வேண்டும்.

முதல் படி: இடுப்பை ஆட்டிக் குர்ரென்று உறுமிச் சுற்றி வரும், முகரும், மேலே ஏறும், கொஞ்சம் துரத்தும். இது பேச்சுவார்த்தை. நாம் தலையிட்டால் தீர்மானம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

இரண்டாம் படி: பல்லை விடாமல் கடகடவென்று அடிக்கும், பிடரி மயிர் சிலிர்க்கும், வாயைத் திறந்து பல்லைக் காட்டும். பக்கத்திலேயே இருந்து கவனியுங்கள். ஒரு கை உலர்ந்த புல்லோ கொத்தமல்லியோ தூவினால் பெரும்பாலும் கவனம் திரும்பும்.

மூன்றாம் படி: பாய்ந்து கட்டிப் புரண்டு கடிக்கும், ரத்தம் வரும். உடனே பிரிக்கணும். கையை விடாதீங்க! ஒரு தாம்பாளத்தை நடுவில் செருகுங்கள், அல்லது கனத்த துண்டைப் போர்த்தித் தூக்குங்கள். கடிக்காயம் மேலே ஆறினாலும் உள்ளே சீழ் பிடிக்கும். மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

காரணத்தைத் தேடுங்கள்

என் வீட்டுக் காரணம் இடநெருக்கடி. கடைக்காரர் கொடுத்த கூண்டு ஒன்றுக்கே போதாது. இரண்டு ஆண்களுக்குப் பத்துச் சதுர அடித் தரையாவது வேண்டும். தண்ணீர், தீனித் தட்டு, மறைவிடம் எல்லாம் இரண்டிரண்டு. மறைவிடத்துக்கு இரண்டு வாசல் இருக்கட்டும். ஒரே வாசலானால் உள்ளே இருப்பது மாட்டிக்கொள்ளும். பக்கத்தில் பெண் இருந்தால் அந்த வாசனையே போதும், ஆண்கள் மோதிக்கொள்ள. மூன்றாவது ஆணைச் சேர்க்காதீர்கள்.

நோயும் கோபமாய் வெளிப்படும். நம்மைப் போலவே இதன் உடலும் வைட்டமின் சி தயாரிக்காது. 1907இல் நார்வே அறிஞர்கள் ஹோல்ஸ்ட்டும் ஃப்ரோலிக்கும், தானியம் மட்டுமே தின்ற கினிப் பன்றிகளுக்கு ஸ்கர்வி நோய் வந்ததைக் கண்டார்கள். மூட்டு வலிக்கிற பிராணி தொட்டால் சீறாதா? தினமும் குடைமிளகாய் கொடுங்கள். ஹைதராபாத்தின் ஏப்ரல், மே வெயிலும் இதற்கு ஆகாது. வீட்டிலேயே குளிர்ந்த அறையில் வையுங்கள்.

மீண்டும் சேர்ப்பது

பிரித்தாலும் ஒரே கூண்டில் நடுவே கம்பித் தடுப்பு வைத்து, ஒன்றையொன்று பார்க்கவும் முகரவும் விடுங்கள். காயம் ஆறிய பிறகு, இரண்டுக்கும் புதிதான தரையில் நிறையப் புல் பரப்பிச் சேர்த்துப் பாருங்கள். சில மணி நேரம் நகராமல் காவல் இருங்கள். காயடித்தால் ஆண்களுக்குள் சண்டை நின்றுவிடும் என்று நம்ப வேண்டாம், பெரும்பாலும் நிற்பதில்லை. மறுபடியும் ரத்தம் வந்தால் வற்புறுத்தாதீர்கள். தடுப்போடு அண்டைவீட்டாராக இருக்கட்டும்.

எங்கள் வீட்டில் அப்படித்தான் முடிந்தது. பகலில் தடுப்பின் இருபுறமும் முதுகை ஒட்டிப் படுத்துத் தூங்குகின்றன. சின்னது பழையபடி தின்கிறது. பேத்திக்கு இது தோல்வியாகத் தெரியவில்லை, எனக்கும்தான். ஆனால் வாங்குமுன் வீட்டில் இடத்தை அளந்திருந்தால் தடுப்பே தேவைப்பட்டிருக்காதோ என்னவோ. பிள்ளைகள் கேட்டால், அன்பர்களே, முதலில் அளவு நாடாவை எடுங்கள்.