சுண்ணாம்புக்கு அடியில் ஒரு எமன்!

காரைக்காலில் போகிப் பண்டிகை நெருங்கிவிட்டால் வீடுகள் புதுக்கோலம் பூணத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கறுத்துப்போன சுவர்களுக்கு வெள்ளையடிப்பார்கள். மட்டை பிடித்தவரின் கை வேகமாக ஓடும். சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டுக்கும் சேர்த்து ஒரு பூச்சு!

பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பூச்சுக்கு அடியில் 230 வோல்ட் மின்சாரம் காத்திருக்கிறது.

1954 நவம்பர் 1-ந் தேதி காரைக்காலில் பிரெஞ்சு ஆட்சி முடிந்தது. அதற்கு முன்பு கட்டிய கனத்த சுவர் வீடுகள் இன்றும் நகரில் உண்டு. கீழே ஒரு குடித்தனம், மாடியில் ஒரு குடித்தனம் என்று பிரிந்த பழைய வீடுகளில், ஆள் மாறும்போதெல்லாம் ஒரு பூச்சு ஏறும். நாளடைவில் பிளக்கின் துவாரம் பாதி அடைந்துவிடும்.

"வீட்டுக்காரர் மாற்றட்டும்" என்பார் குடியிருப்பவர். "உபயோகிப்பவர் மாற்றட்டும்" என்பார் வீட்டுக்காரர். இந்த வழக்கு தீரும்வரை மின்சாரம் பொறுத்திருக்குமா?

அப்படி என்ன ஆபத்து?

பிளக்கின் பித்தளைக் குச்சியை உள்ளே இருக்கும் பித்தளைக் குழல் இறுகப் பிடிக்க வேண்டும். நடுவே பெயிண்ட் புகுந்தால் பிடி தளரும், பொறி பறக்கும், சூடு ஏறும். போதாக்குறைக்குக் கடற்கரை உப்புக்காற்று வேறு பித்தளையில் பச்சைக் களிம்பு ஏற்றுகிறது. சாதாரணமாக, பிளக்கின் முகம் கருகி நம்மை எச்சரிக்கும். பெயிண்ட் அந்த எச்சரிக்கையையும் மறைத்துவிடுகிறது!

ஊசியால் குத்தி அடைப்பை எடுக்கலாமா? கூடவே கூடாது. அது உயிருக்கே உலை வைக்கும். பழையதைக் கழற்றிவிட்டுப் புதியது போடுவதே வழி. அதையும் லைசென்சு பெற்ற ஒயர்மேனைக் கொண்டு செய்வதே நல்லது.

வேலை நடக்கும் விதம்

முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது விவரமானவர்களின் பழக்கம். பிளக்கின் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. பழைய ஒயரிங்கில் சுவிட்சு தவறான கம்பியில் இருக்கக்கூடும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் நிறுத்த வேண்டும். மெயினை அணைத்த பிறகும் அது மின்சாரம் தரும்.

பிறகு டெஸ்டரை மின்சாரம் உள்ள வேறோர் இடத்தில் சரிபார்த்துவிட்டு இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். பிளக்கைச் சுற்றிப் பெயிண்டைப் பிளேடால் கீறிவிட்டால், கழற்றும்போது சுவர்ப் பூச்சு பெயர்ந்து வராது.

உள்ளே ரப்பர் உறை போட்ட பழைய கம்பியா? தொட்டதும் உறை பொடிப்பொடியாக உதிர்கிறதா? அப்படியானால் பிளக்கை மட்டும் மாற்றிப் பயனில்லை. கம்பியையும் மாற்றியே தீரவேண்டும்.

மூன்றாவது துவாரம்

இரண்டு துவாரப் பிளக்கை எடுத்துவிட்டு மூன்று துவாரப் பிளக் மாட்டிவிட்டால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. மேலே உள்ள பெரிய துவாரம் எர்த் கம்பிக்கு உரியது. அந்தக் கம்பி பூமிக்குப் போய்ச் சேராவிட்டால், மூன்றாவது துவாரம் வெறும் வேஷம்தான். சிலர் நியூட்ரலையும் எர்த்தையும் பிளக்கிலேயே சேர்த்து முறுக்கிவிடுகிறார்கள். நியூட்ரல் கம்பி எங்காவது அறுந்தால் இஸ்திரிப் பெட்டியின் உடலே மின்சாரம் ஏறி நிற்கும்!

30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. என்ற கருவி இப்போது கடைகளில் கிடைக்கிறது. பழைய வீட்டுக்கு அது ஒரு காவல்காரன்.

சுமையையும் கணக்கிட வேண்டும். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி ஏறக்குறைய 4.3 ஆம்பியர் இழுக்கும். சிறிய பிளக் தாங்கும். 2,000 வாட் வெந்நீர் கீசரோ சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். அதற்குப் பெரிய பிளக்கும் கனமான கம்பியும் தனியே வேண்டும்.

அடுத்த போகிக்கு வெள்ளையடிக்க ஆள் வரும்போது, மெயினை அணைத்துவிட்டு ஒவ்வொரு பிளக்கின் மீதும் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிட்டால் போதும். சுவருக்கு வெள்ளை, வீட்டாருக்கு நிம்மதி!