கனெக்ட் பட்டனுக்குப் பின்னால் நடக்கும் கூத்து

டேட்டாபேஸ் டூலைத் திறந்து, பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து, 'கனெக்ட்' பட்டனை அழுத்துகிறீர்கள். முதலில் வாய் திறப்பது யார்? உங்கள் டூலா, அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் சர்வரா?

மைஎஸ்கியூஎல் என்றால், சர்வர்! வந்திருப்பது யார் என்றுகூடக் கேட்பதில்லை. இணைப்பு விழுந்த கணமே தன் ஊர் பேர் எல்லாவற்றையும் மளமளவென்று ஒப்பிக்க ஆரம்பித்துவிடும். போஸ்ட்கிரெஸ் இதற்கு நேர் எதிர். கிளையன்ட் பேசும் வரை அது வாயே திறக்காது. இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? வயர்ஷார்க் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டு, சோதனைக்கென்று வைத்திருக்கும் ஒரு சர்வரோடு இணைந்து பாருங்கள். போகிற வருகிற பைட்டுகள் எல்லாம் வரிசையாகத் திரையில் வந்து நிற்கும். மைஎஸ்கியூஎல் அனுப்பும் அந்த முதல் பாக்கெட்டைப் பிரித்துப் படிக்கும்போது எனக்கு இன்றும் புல்லரிக்கிறது. "வெர்ஷன் ஒத்துப்போகலையாம்ப்பா" என்று ஆபீஸில் எழும் புலம்பல்களில் பாதி பிறப்பது அந்தச் சின்னப் பாக்கெட்டுக்குள்தான்.

திறப்போமா? உள்ளடக்கத்தின் முதல் பைட்டில் 10 என்ற எண். இன்ன முறையில் பேசப்போகிறேன் என்ற அறிவிப்பு அது. அடுத்து சர்வரின் வெர்ஷன், படிக்கக்கூடிய எழுத்தாகவே. பிறகு இணைப்பின் எண். அதற்குப் பின் தற்செயலாகப் பொறுக்கிய 8 பைட்டுகள். என்னென்ன வசதிகள் உண்டு, எந்த எழுத்துத் தொகுதி என்ற விவரங்கள். அப்புறம், எங்கோ பின்னால் தள்ளி, இன்னும் 12 தற்செயல் பைட்டுகள். கடைசியில் பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் முறையின் பெயர்.

ஏன் 8 ஓரிடம், 12 வேறிடம்? சேர்த்து 20 ஆகவே அனுப்பியிருக்கலாமே! இங்கேதான் வரலாறு எட்டிப் பார்க்கிறது. ஆதி காலத்து மைஎஸ்கியூஎல்லுக்கு 8 பைட்டே போதும். 2004ல் வந்த 4.1 வெர்ஷனில் பாஸ்வேர்ட் முறை மாறி, 20 தேவைப்பட்டது. நடுவில் நுழைத்தால் பழைய கிளையன்டுகள் தடுமாறிவிடும். ஆகவே கூடுதல் 12ஐ வால் பக்கம் ஒட்டினார்கள். நீங்கள் இன்று காலை இணைந்த புத்தம்புது சர்வரும் அந்த ஒட்டைச் சுமந்துகொண்டுதான் உங்களுக்கு வணக்கம் சொன்னது!

அந்த வெர்ஷன் எழுத்து இருக்கிறதே, அதற்குள் இன்னொரு அற்புதமான கதை. மைஎஸ்கியூஎல்லை உருவாக்கிய மான்டி விடேனியஸ் அதற்குத் தன் மூத்த மகள் மையின் பெயரை வைத்தார். பின்னாளில் தனிக் கிளையாகப் பிரித்து வளர்த்த டேட்டாபேஸுக்கு இளைய மகள் மரியாவின் பெயர். அந்த மரியாடிபி 5.5லிருந்து ஒரே தாவலில் 10.0க்குப் போனது. போனதும் ஒரு சிக்கல். மைஎஸ்கியூஎல்லின் நகலெடுக்கும் சர்வர்கள், தலைமை சர்வரின் வெர்ஷனில் முதல் எழுத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கும்படி எழுதப்பட்டிருந்தன. '10.0'ல் முதல் எழுத்து? 1! "இது என்ன, எனக்குத் தெரியாத வெர்ஷனாக இருக்கிறதே" என்று கைவிரித்துவிடும்.

மரியாடிபிக்காரர்கள் செய்த யுக்தியைப் பாருங்களேன். வெர்ஷனுக்கு முன்னால் '5.5.5-' என்று ஒட்டி அனுப்பினார்கள். பழைய சர்வர் 5ஐப் பார்த்துச் சமாதானம் ஆகிவிடும். விஷயம் தெரிந்த டிரைவர் அந்த ஒட்டை உரித்துவிட்டு 10ஐப் படித்துக்கொள்ளும். விஷயம் தெரியாத டூல்கள் என்ன செய்தன? உண்மையிலேயே 5.5.5 என்று நம்பி, இருக்கிற வசதிகளையும் இல்லையென்று எண்ணிக்கொண்டன. 2023ல் வந்த 11.0 வரிசையில்தான் அந்த ஒட்டு கழற்றப்பட்டது.

இப்போது எல்லோரையும் அலற வைத்த 2018 ஏப்ரலுக்கு வருவோம். மைஎஸ்கியூஎல் 8.0 வெளியானது. ஆசையாக நிறுவியவர்கள் டூலைத் திறந்தால், சர்வர் கேட்கும் அங்கீகார முறை கிளையன்டுக்குத் தெரியாது என்று ஒரு எரர். பாஸ்வேர்ட் சரி, போர்ட் சரி, ஃபயர்வால் சரி. பின்னே என்ன?

பழைய முறையில் சர்வர் பாஸ்வேர்டை ஷா-1 கணக்கில் இரண்டு முறை அரைத்துச் சேமித்துவைக்கும். உப்பு கிடையாது. அதாவது ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சேர்க்கும் தற்செயல் எழுத்துகள் கிடையாது. ஒரே பாஸ்வேர்ட் வைத்த இருவரின் பதிவும் அச்சாக ஒன்றாக இருக்கும். திருடனுக்குக் கொண்டாட்டம்! 8.0ல் வந்த 'கேச்சிங் ஷா-2' உப்பும் சேர்க்கிறது, ஷா-256 கணக்கில் 5000 சுற்றும் அரைக்கிறது. நல்ல மாற்றம், வந்தே தீரவேண்டிய மாற்றம். ஆனால் அந்தப் பெயரையே கேள்விப்படாத டிரைவர்கள் உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தன. பிஎச்பி அதை முழுதாகக் கற்றுக்கொண்டது 2019 நவம்பரில் வந்த 7.4ல்.

பிஎச்பிகாரர்களுக்கு இன்னொரு அடியும் விழுந்தது: சர்வர் அனுப்பிய எழுத்துத் தொகுதி 255 கிளையன்டுக்குத் தெரியாதாம். இந்த 255 எனக்கு மிகவும் பிடித்த எண்! 5.7 வரை மைஎஸ்கியூஎல் இயல்பாகச் சொல்லிவந்த எண் 8. அதன் பொருள் லத்தீன்-1, அதுவும் ஸ்வீடன் நாட்டு அகர வரிசைப்படி. நிறுவனம் ஸ்வீடனில் இருந்தது, அதனால் உலகமே ஸ்வீடன் வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தது. 8.0ல் அதை நான்கு பைட் யூனிகோடாக மாற்றினார்கள். அதன் எண் 255. அந்த இடத்துக்குப் பாக்கெட்டில் ஒதுக்கியிருப்பது ஒரே ஒரு பைட். ஒரு பைட்டில் அடங்கும் மிகப் பெரிய எண்ணும் 255. விளிம்பில் நின்று தப்பியிருக்கிறது! ஆனால் பழைய டிரைவரின் பட்டியல் அதற்கு முன்பே முடிந்துவிட்டதால் அது அங்கேயே நின்றுவிட்டது.

நான்கு பைட் நமக்கு எதற்கு என்கிறீர்களா? தமிழின் வழக்கமான எழுத்துகள் மூன்று பைட்டில் அடங்கிவிடும். ஆனால் 2019ல் யூனிகோடில் ஏறிய முந்திரி, காணி போன்ற பழைய பின்னக் குறிகளுக்கு நான்கு பைட் வேண்டும். மைஎஸ்கியூஎல்லின் பழைய மூன்று பைட் யூனிகோட் அட்டவணையில் முந்திரிக் குறியை வைக்கவே முடியாது. ஆகவே அந்த 255 நம்முடைய வெற்றியும்தான்.

'கேச்சிங்' என்ற பகுதிக்குள் ஒரு துப்பறியும் கதை ஒளிந்திருக்கிறது. 5000 சுற்று அரைப்பதை ஒவ்வொரு முறையும் செய்தால் சர்வருக்கு மூச்சு முட்டும். அதனால் ஒருமுறை முழுதாகச் சரிபார்த்தவரின் அடையாளத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். வழக்கமாக வருபவரைக் கண்டதும் கேட்காமலே டீயை நீட்டும் கடைக்காரரைப்போல, அடுத்த முறை நொடியில் உள்ளே விட்டுவிடும். முதல் முறை மட்டும் கறார். டிஎல்எஸ் பூட்டு போட்ட இணைப்பு வேண்டும், இல்லையென்றால் சர்வரின் பொதுச் சாவியை வாங்கிப் பாஸ்வேர்டை மூடி அனுப்ப வேண்டும்.

சர்வரை ரீஸ்டார்ட் செய்தால்? நினைவெல்லாம் போச்சு! நேற்று மாலை வரை அழகாக ஓடிய ஜாவா டூல் இன்று காலை 'பொதுச் சாவியைப் பெற அனுமதி இல்லை' என்று முரண்டு பிடிக்கும். யாரும் எதையும் மாற்றவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் அதே பெயரில், டிஎல்எஸ் வழியாக உள்ளே போகிறார். மறுகணம் உங்கள் டூலும் ஓட ஆரம்பிக்கிறது! பில்லி சூனியம் எல்லாம் இல்லை. அவர் போனபோது சர்வருக்கு அந்தப் பெயர் மீண்டும் நினைவுக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். சாவி வாங்கும் அனுமதியைத் திறந்துவிட்டால் தீரும் என்று பலர் சொல்வார்கள். சொந்தக் கணினிக்குள் சரி. நெட்வொர்க்கில் நடுவில் ஒருவன் புகுந்து போலிச் சாவியை நீட்டும் வாய்ப்பு உண்டு என்பதால், டிஎல்எஸ்ஸைப் போடுவதே நேர்வழி.

2018ல் பெரும்பாலானோர் பிடித்த குறுக்கு வழி, சர்வரையே பழைய அங்கீகார முறைக்கு இறக்குவது. 2024 ஏப்ரலில் 8.4 வந்தபோது அந்தப் பழைய முறை இயல்பாகவே அணைத்துவைக்கப்பட்டிருந்தது. ஜூலையில் 9.0 வந்தபோது சர்வரிலிருந்து எடுத்தே விட்டார்கள். சர்வரை இறக்காதீர்கள், டிரைவரை ஏற்றுங்கள் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

டிரைவர் என்று அழுத்திச் சொல்கிறேன், டூல் என்று சொல்லவில்லை. சர்வரோடு உண்மையில் பேசுவது உங்கள் டூலுக்குள் ஒளிந்திருக்கும் டிரைவர்தான். டிபீவர் போன்ற டூலில் டிரைவரை மட்டும் தனியாக மாற்றலாம். டூல் போன வாரம் வந்ததாக இருக்கும், உள்ளே பேசுவது பல வருடத்துக்கு முந்தைய டிரைவராக இருக்கும். எரர் வந்ததும் முதலில் விசாரிக்க வேண்டியது அதன் வெர்ஷனைத்தான்.

உள்ளே நுழைந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது என்று நினைத்தீர்களா? இரண்டாம் காட்சி இனிமேல்தான்! இணைந்ததும் டிரைவர் உங்களுக்குத் தெரியாமல் சர்வரிடம் கேள்விகளை அடுக்கும். மைஎஸ்கியூஎல்லின் பழைய 5.1 ஜாவா டிரைவர்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று, 'குவெரி கேச் அளவு எவ்வளவு?' 8.0ல் குவெரி கேச்சே கிடையாது, தூக்கிவிட்டார்கள். அப்படி ஒரு மாறி இல்லை என்று சர்வர் சொல்ல, டிரைவர் அத்தோடு படுத்துவிடும். நீங்கள் கேட்கவே கேட்காத கேள்விக்கு உங்களுக்கு எரர்! போஸ்ட்கிரெஸ் பக்கமும் இதே கூத்து உண்டு. 2019ல் வந்த 12ஆம் வெர்ஷன், உள் அட்டவணைகளிலிருந்து சில பழைய நெடுவரிசைகளை நீக்கியது. போஸ்ட்கிரெஸ்ஸின் கட்டளை டூலான பிஎஸ்கியூஎல்லின் பழைய வெர்ஷனில் ஓர் அட்டவணையின் அமைப்பைக் காட்டச் சொன்னால் 'அப்படி ஒரு நெடுவரிசை இல்லை' என்று வந்து நிற்கும். உங்கள் அட்டவணையில் ஒரு குறையும் இருக்காது.

போஸ்ட்கிரெஸ்ஸில் பேக்கப் எடுக்கும் பிஜிடம்ப் இதில் தனி ரகம். சர்வர் தன்னைவிடப் புதிய மேஜர் வெர்ஷன் என்று தெரிந்தால் வேலையையே தொடங்காது. அந்தப் பிடிவாதத்தை நான் கைதட்டி வரவேற்கிறேன். தெரியாத ஒன்றை விட்டுவிட்டு எடுத்த பேக்கப், தேவைப்படும் நாளில் கழுத்தறுக்கும். புதிய பிஜிடம்ப் பழைய சர்வரைப் படித்துவிடும். 15ஆம் வெர்ஷன் 9.2 வரை பின்னோக்கிப் போகும். மைஎஸ்கியூஎல்டம்ப் விஷயத்தில் புதியதே வம்பு செய்வதும் உண்டு. 8.0ன் டம்ப், 5.7 சர்வரிடம் அங்கே இல்லாத புள்ளிவிவர அட்டவணையைக் கேட்டு விழுந்துவிடும். அதைக் கேட்காதே என்று ஒரு ஆப்ஷன் கொடுத்தால் சமர்த்தாக ஓடும்.

கடைசியாக, எனக்கு வந்ததிலேயே பெரிய ஆச்சரியம். போஸ்ட்கிரெஸ் 2003ல், 7.4ஆம் வெர்ஷனில், 3.0 என்ற பேச்சு முறையைக் கொண்டுவந்தது. இருபது வருடத்துக்கு மேல் அதே முறைதான்! 2025 செப்டம்பரில் வந்த 18ஆம் வெர்ஷனில் புது முறை வந்தது. அதன் எண் 3.1 அல்ல, 3.2. நடுவில் ஒன்று எங்கே போனது? பிஜிபவுன்சர் என்ற, பலரும் பயன்படுத்தும் இடைநிலை மென்பொருளின் பழைய வெர்ஷன்களில் ஒரு பிழை. '3.1 தெரியுமா?' என்று கேட்டால், தெரியாமலே தெரியும் என்று தலையாட்டிவிடும். அந்த ஒரு தலையாட்டலுக்காக, எந்தச் சர்வரும் ஒரு நாளும் பேசாத 3.1ஐ அப்படியே தாண்டிப் போனார்கள்! இத்தனைக்கும் 18ன் சொந்த கிளையன்ட் நூலகம், நீங்களாகக் கேட்டாலொழிய, இன்னும் 3.0லேயே பேச்சைத் தொடங்குகிறது. பாக்கெட்டில் அதை ஒரே எண்ணாகப் படித்தால் 196608. 3ஐ 65536ஆல் பெருக்கிப் பாருங்கள்.