காலண்டர் பார்க்காத வெயில்: குளிர்காலத்திலும் சுடும் ஃபீனிக்ஸ் நகரம்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத் தலைநகரம் ஃபீனிக்ஸ். சொனோரா பாலைவனத்தின் நடுவே 16 லட்சம் பேர் வாழும் ஊர். கோடையில் அங்கே வெயில் சதமடிப்பது செய்தியே அல்ல. 2023-ல் தொடர்ந்து 31 நாட்கள் பகல் வெயில் 110 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் (43.3 செல்சியஸ்) குறையாமல் அடித்தது. 2024-ல் தொடர்ந்து 113 நாட்கள் பகல் வெயில் 100 டிகிரிக்குக் (37.8 செல்சியஸ்) கீழே இறங்கவே இல்லை. இந்தக் கோடையோடு வாழ அந்த ஊர் ஓரளவு கற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் ஸ்வெட்டர் போட வேண்டிய மாதங்களில் அடிக்கும் வெயிலுக்கு அது இன்னும் தயாராகவில்லை.

எது வழக்கம், எது மீறல்?

ஃபீனிக்ஸில் ஜனவரிப் பகல் வெப்பம் சராசரியாக 20 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருக்கும். முதல் 100 டிகிரி பாரன்ஹீட் பொதுவாக மே மாதத் தொடக்கத்தில் பதிவாகும். இந்த ஒழுங்கு மீறப்படுவது முற்றிலும் புதிதல்ல. 1971 ஜனவரியில் 88 டிகிரி (31 செல்சியஸ்) பதிவாகியிருக்கிறது. 1988-ல் மார்ச் 26-ம் தேதியே வெயில் சதமடித்தது. 2020 நவம்பர் 5-ல் 99 டிகிரியைத் தொட்டது.

மாறியிருப்பது என்னவென்றால், இத்தகைய நாட்கள் இப்போது அடிக்கடி வருகின்றன. அதைவிட முக்கியம், இரவுகள் முன்புபோலக் குளிர்வதில்லை. நகரின் மையப் பகுதியில் உறைபனி விழும் இரவுகள் அரிதாகிவிட்டன.

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

முதல் காரணம் காற்றழுத்தம். பசிபிக் கடலிலிருந்து வரும் குளிர்காலப் புயல்கள்தான் அரிசோனாவுக்கு மழையும் குளிரும் கொண்டுவருபவை. மேலடுக்கில் உயர் அழுத்தம் வந்து உட்கார்ந்துவிட்டால், அந்தப் புயல்கள் வடக்கே திரும்பிப் போய்விடும். அந்த அழுத்தத்தின் கீழே காற்று மெல்ல இறங்கும். இறங்கும் காற்று அமுங்கிச் சூடாகும், மேகத்தையும் சேரவிடாது. பசிபிக்கில் கடல்நீர் வழக்கத்தைவிடக் குளிர்ந்திருக்கும் லா நினா ஆண்டுகளில் புயல்களின் பாதை பெரும்பாலும் வடக்கே நகர்வதால் இந்த நிலைமைக்கு வாய்ப்பு கூடும்.

இரண்டாவது, வறண்ட மண். 2024 ஆகஸ்ட் 22-க்குப் பிறகு ஃபீனிக்ஸில் கணக்கில் சேரும் அளவுக்கு மழை பெய்ய ஐந்து மாதங்கள் ஆயின. மண்ணில் ஈரம் இருந்தால் வெயிலின் ஆற்றலில் ஒரு பங்கு அதை ஆவியாக்குவதில் செலவாகும். ஈரமே இல்லாதபோது அந்தப் பங்கும் சேர்ந்து காற்றைச் சூடேற்றுகிறது.

மூன்றாவது காரணம் நகரமே. தார்ச் சாலையும் கான்கிரீட்டும் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவெல்லாம் வெளியே விடுகின்றன. அதனால் சுற்றியுள்ள பாலைவனம் குளிர்ந்த பிறகும் நகரம் பல டிகிரி கூடுதலாகவே இருக்கும். இவற்றுக்கெல்லாம் அடியில் பசுமை இல்ல வாயுக்களால் பூமியே சூடாகிவருவது இருக்கிறது. முன்பு 27 டிகிரி செல்சியஸில் நின்றிருக்கக்கூடிய ஒரு நாள், அதே காற்றழுத்தத்தில் இன்று அதையும் தாண்டிப் போகிறது.

இன்னொரு தொல்லையும் உண்டு. உயர் அழுத்தம் பானைக்கு மூடி போட்டதுபோல நகரின் மேல் கவிந்திருப்பதால், வாகனப் புகையும் விறகுப் புகையும் மேலே போக வழியின்றித் தங்கிவிடுகின்றன. அதனால்தான் ஃபீனிக்ஸ் அடங்கிய மாரிகோபா மாவட்ட நிர்வாகம் குளிர்கால நாட்கள் சிலவற்றில் வீட்டுக் கணப்பில் விறகு எரிக்கத் தடை விதிக்கிறது.

30 டிகிரி ஒரு வெயிலா?

சென்னைவாசிக்கு 30 டிகிரி இதமான நாள். அதில் என்ன ஆபத்து என்று கேட்கத் தோன்றும். உண்மைதான், ஜனவரியில் பகல் குறுகியது, இரவு நீண்டது. உலர்ந்த காற்று சீக்கிரம் குளிர்ந்துவிடும். ஆனால் பிப்ரவரி கடைசியில் சூரியன் நிற்கும் உயரம் அக்டோபர் மத்தியில் நிற்கும் உயரம்தான். மார்ச் இறுதியில் அது செப்டம்பர் சூரியன். காலண்டரில் குளிர்காலம் ஓடிக்கொண்டிருக்கும்போதே தலைக்கு மேல் கோடைக்கு நெருங்கிய சூரியன் நிற்கிறது.

உடலின் பக்கமிருந்து பார்த்தால் சிக்கல் இன்னும் தெளிவாகும். வெப்பத்துக்குப் பழக நம் உடலுக்கு ஒன்று முதல் இரண்டு வாரம் தேவை. அதற்குள் வியர்வை சீக்கிரம் சுரக்கப் பழகும், வியர்வையோடு போகும் உப்பு குறையும், ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும். குளிர் மாதங்களில் இந்தப் பழக்கம் விட்டுப்போகும். ஆகவே ஜூலையில் 40 டிகிரியில் வேலை செய்து பழகிய அதே கட்டடத் தொழிலாளி, மார்ச்சில் திடீரென்று வரும் 35 டிகிரியில் மயங்கி விழக்கூடும்.

கனடாவிலிருந்தும் மினசோட்டா போன்ற வட மாநிலங்களிலிருந்தும் குளிருக்குத் தப்பி ஃபீனிக்ஸுக்கு வந்து தங்குபவர்களின் நிலை இதைவிடக் கடினம். அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். உடல் பழகியிருக்காது, தண்ணீர் பாட்டில் இல்லாமலே மலைப்பாதையில் ஏறிவிடுவார்கள்.

மூடிய கார் இன்னும் மோசம். வெளியே 27 டிகிரிதான் என்றாலும், கண்ணாடியை ஏற்றிப் பூட்டிய காருக்குள் அரை மணி நேரத்தில் 45 டிகிரி ஆகிவிடும். உள்ளே குழந்தை தூங்கிக்கொண்டிருந்தால், 'குளிர்காலம்தானே' என்ற நினைப்பே உயிருக்கு உலை வைத்துவிடும்.

மலையிலும் வயலிலும்

ஃபீனிக்ஸின் தண்ணீரில் பெரும்பகுதி மலைகளில் விழும் பனியிலிருந்து வருகிறது. ஒருபக்கம் அரிசோனா மலைகளிலிருந்து இறங்கும் சால்ட், வெர்டே ஆறுகள். மறுபக்கம் ராக்கி மலைப் பனியில் பிறக்கும் கொலராடோ ஆறு. அதன் நீர் 540 கிலோமீட்டர் நீளக் கால்வாய் வழியாகப் பாலைவனத்தைக் கடந்து வருகிறது. குளிர்காலம் சூடானால் பனியாக விழ வேண்டியது மழையாக விழும். விழுந்த பனியும் முன்கூட்டியே உருகும். காய்ந்து கிடக்கும் மண் அதில் ஒரு பங்கைக் குடித்த பிறகே ஆற்றுக்கு மிச்சம் வரும். கொலராடோ நீரில் அரிசோனாவின் பங்கு 2022-ல் சுமார் 18 சதவீதம் வெட்டப்பட்டது. அந்த அடியை முதலில் வாங்கியவர்கள் ஃபீனிக்ஸுக்குத் தெற்கே இருக்கும் பினால் மாவட்ட விவசாயிகள்.

தென்மேற்கில் உள்ள யூமாவும் அதை ஒட்டிய கலிபோர்னியப் பள்ளத்தாக்கும்தான் குளிர் மாதங்களில் அமெரிக்கா உண்ணும் இலைக்கீரைகளில் பெரும்பங்கை விளைவிக்கின்றன. வெப்பம் கூடினால் லெட்யூஸ் செடி அறுவடைக்கு முன்பே பூத்தண்டு விட்டு, இலை கசந்துவிடும். பீச், ஆப்பிள் மரங்களோ போதிய குளிர் கிடைக்காவிட்டால் ஒழுங்காகப் பூக்காது. வெயிலை நம்பித் துளிர்த்த செடிகள், பின்னால் எதிர்பாராமல் வரும் ஒரே ஒரு உறைபனி இரவில் கருகிவிடுவதும் உண்டு.

பாதுகாப்புக்குத் தேதி குறித்தால் போதுமா?

ஃபீனிக்ஸ் கைகட்டி உட்கார்ந்திருக்கவில்லை. வெப்பத்தைச் சமாளிப்பதற்கென்றே நகர நிர்வாகத்தில் 2021-ல் தனி அலுவலகம் திறந்தது. சாலைகளுக்கு வெளிர்நிறப் பூச்சு அடிக்கிறது. நகராட்சியின் ஒப்பந்ததாரர்கள் தங்கள் வெளிவேலைத் தொழிலாளர்களுக்கு நிழலும் தண்ணீரும் ஓய்வும் தர வேண்டும் என்று 2024-ல் விதி செய்தது. மாரிகோபா மாவட்டத்தில் 2023-ல் 645 ஆக இருந்த வெப்ப மரணங்கள் 2024-ல் 608 ஆகக் குறைந்தன. பத்தாண்டுகளில் அதுவே முதல் இறக்கம். மக்கள் வெயிலுக்கு ஒதுங்கும் குளிர்ச்சி மையங்களை இரவிலும் திறந்து வைத்ததற்கு அதில் பங்குண்டு.

ஆனால் இந்த ஏற்பாடுகளில் பல, தேதியைப் பார்த்தே தொடங்குகின்றன. குளிர்ச்சி மையங்களின் பருவம் மே 1 முதல் செப்டம்பர் 30 வரை. மின்கட்டணம் கட்டாத வீட்டின் மின்சாரத்தைத் துண்டிக்க மாநில ஒழுங்குமுறை ஆணையம் விதித்த கோடைகாலத் தடை ஜூன் 1 முதல் அக்டோபர் 15 வரை. ஆணையத்தின் விதி வெப்பநிலையை அளவுகோலாகக் கொள்ளவும் இடம் தருகிறது. அப்படியிருந்தும் மாநிலத்தின் மிகப் பெரிய தனியார் மின் நிறுவனம் தேதிக் கணக்கையே தேர்ந்தெடுத்தது.

மார்ச்சில் வெயில் சதமடித்தால் தகரச் சுவருள்ள மொபைல் வீட்டில் இருக்கும் மூதாட்டிக்கு இந்தப் பாதுகாப்பில் எது கிடைக்கும்? மாரிகோபாவில் மொத்த வீடுகளில் மொபைல் வீடுகள் சுமார் 5 சதவீதம்தான். வீட்டுக்குள் நிகழும் வெப்ப மரணங்களிலோ அவற்றின் பங்கு கால்பகுதிக்கும் மேல். தெருவில் படுப்பவர்களுக்கு அந்த வீடும் இல்லை. தேதி பார்த்து வரும் உதவி இவர்களைத்தான் முதலில் கைவிடும்.

வீட்டளவில் செய்யக்கூடியவை

ஏசி பழுதை மே மாதத்துக்குத் தள்ளாமல் பிப்ரவரியிலேயே பார்த்துவிட வேண்டும். முதல் சூடான வாரத்தில் வெளிவேலையையும் உடற்பயிற்சியையும் பாதியாகக் குறைத்து, நாளாக ஆக ஏற்றிக்கொள்வது நல்லது. ஃபீனிக்ஸை ஒட்டிய சான்ட்லரில் மகனோ மகளோ வேலை பார்க்க, இங்கிருந்து குளிர்காலத்தில் போய்த் தங்கும் பெற்றோருக்கும் இது பொருந்தும். அங்கே காற்று வறண்டிருப்பதால் வியர்வை உடனே காய்ந்துவிடும்; உடல் நீர் இழப்பது தெரியாது. தாகத்துக்குக் காத்திராமல் தண்ணீர் குடிக்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கும் நீர் பிரிவதற்கும் மாத்திரை எடுப்பவர்கள், கிளம்புமுன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது அவசியம்.

தனிமனிதக் கவனம் மட்டும் போதாது. குளிர்ச்சி மையம் திறப்பது, மின்துண்டிப்பை நிறுத்துவது, தொழிலாளிக்கு ஓய்வு தருவது ஆகிய மூன்றையும் தேதி பார்க்காமல் வெப்பமானியோடு இணைக்க வேண்டும். இதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம். விதிகளில் சில வரிகளை மாற்றினால் போதும். ஃபீனிக்ஸ் அதை அடுத்த குளிர்காலத்துக்கு முன்பே செய்ய வேண்டும்.