தண்டின் எடையும் காரின் வேகமும்

மோட்டார் காரின் எஞ்சின் முன்புறத்தில் இருக்கிறது; காரைத் தள்ளுவனவோ பின் சக்கரங்கள். அத்தகைய காரில், முன்னே பிறக்கும் ஆற்றலைப் பின்னே கொண்டு சேர்ப்பதற்கு, அடிப்புறத்தில் நீளவாட்டில் ஓர் இரும்புக் குழாய் சுழன்றுகொண்டிருக்கும். பட்டறைக்காரர்கள் அதனைப் புரொப்பெல்லர் ஷாப்ட் என்பர். நாம் செலுத்துத் தண்டு என்று வழங்குவோம். இன்று நம் சாலைகளில் ஓடும் சிறு கார்களுள் பெரும்பாலானவை முன் சக்கரங்களால் இழுக்கப்படுவன; அவற்றில் இத்தண்டு இல்லை. லாரியிலும், 2014-ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் காரிலும் இதனைக் காணலாம்.

அமெரிக்க நாட்டில் வேகத்தில் விருப்பங்கொண்டோர் பலர், காரோடு வந்த எஃகுத் தண்டைக் கழற்றிவிட்டு அலுமினியத் தண்டைப் பூட்டிக்கொள்கின்றனர். 2005 முதல் 2014 வரை வெளிவந்த போர்டு மஸ்டாங் ஜி.டி. கார் இதற்குத் தக்க உதாரணம். அதன் எஃகுத் தண்டு இரு துண்டுகளால் ஆனது. நடுவே ஒரு பேரிங் அதனைத் தாங்குகிறது. அவ்விடத்தில் ஒரே துண்டான அலுமினியத் தண்டை வைக்கின்றனர். இச்செலவுக்கு ஈடான பயன் உண்டா? கேள்வி பணத்தைப் பற்றியது மட்டும் அன்று. நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்றுச் சுழலும் பொருள் நம் காலடியிலேயே இருப்பதால், உயிரைப் பற்றியதும் ஆகும்.

முதலில் எடையைப் பார்ப்போம். எஃகு, நீரைப் போல ஏறக்குறைய 7.85 மடங்கு எடையுள்ளது, அலுமினியம் 2.7 மடங்கே. ஆயின், தண்டின் எடை மூன்றில் ஒன்றாகக் குறைந்துவிடும் என்று எண்ணுதல் கூடாது. அலுமினியத்தின் விறைப்பும் எஃகின் விறைப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுதான். ஆகையால் குழாயைப் பருமனாகவும் அதன் சுவரைத் தடிப்பாகவும் அமைக்க வேண்டியிருக்கிறது. பேரிங்கும் நடு இணைப்பும் நீங்குவதையும் சேர்த்து 8 கிலோ குறைந்ததாகக் கொள்வோம்.

சுழலும் பொருளின் எடை, சும்மா கிடக்கும் எடையைவிட அதிகத் தடை தரும் என்பது உண்மையே. ஆனால் எவ்வளவு தடை என்பது, அவ்வெடை அச்சிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சக்கரத்தின் விளிம்பில் 8 கிலோவைக் குறைத்தால், 16 கிலோவைக் குறைத்ததற்கு ஒப்பான பயன் கிட்டும். செலுத்துத் தண்டோ அச்சிலிருந்து 4 சென்டிமீட்டர் தொலைவில்தான் தன் எடையை வைத்திருக்கிறது. சக்கரத்தைப் போல மூன்றரை மடங்கு விரைவாகச் சுழன்றபோதிலும், அந்த 8 கிலோ ஏறக்குறைய ஒன்பதரைக் கிலோவாகவே கணக்கில் வரும். 1,600 கிலோ எடையுள்ள காருக்கு இது நூற்றில் ஒரு பங்கும் ஆகாது. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை 5 விநாடியில் எட்டும் கார், இனி 4.97 விநாடியில் எட்டும். பெட்ரோல் தொட்டியில் 13 லிட்டர் குறைவாக ஊற்றினாலும் இதே பயன் உண்டு, அதற்குச் செலவில்லை!

எஞ்சினின் குதிரைத்திறனே கூடிவிடும் என்று விற்பனைக்காரர் சிலர் சொல்வதுண்டு. அது பொருந்தாது. வேகம் கூடும்போது தண்டு சிறிது ஆற்றலைத் தன்னுள் வாங்கி வைக்கிறது. சீரான வேகத்தில் ஓடும்போது அது எதனையும் வாங்குவதில்லை. எனவே சமதரையில் ஒரே வேகமாகச் செல்பவர் பெட்ரோலில் காணும் மிச்சம் மிகச் சொற்பம்.

அப்படியாயின் அலுமினியத் தண்டினால் பயனே இல்லையா? உண்டு, அது வேறோர் இடத்தில் இருக்கிறது. ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கு இசைவாகத் தள்ளினால், சிறு குழந்தையின் கைகூட அதனை உயர ஆட்டிவிடும். நீண்ட குழாய்க்கும் இவ்வாறு ஓர் இயல்பான ஆட்டம் உண்டு. சுழற்சியின் வேகம் அவ்வாட்டத்தோடு ஒத்துப்போகும்போது, குழாய் நடுவில் வில்லாய் வளைந்து அடித்துக்கொள்ளத் தொடங்கும். இதனை மாறுநிலை வேகம் என்பர். ஒன்றரை மீட்டர் நீளமும் 75 மில்லிமீட்டர் விட்டமும் கொண்ட மெல்லிய எஃகுக் குழாய்க்கு அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 5,500 சுற்று. கார் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தை நெருங்கும்போது தண்டும் அந்த எல்லையை எட்டிவிடும்.

இங்கே வியப்பான செய்தி ஒன்று உண்டு. அதே அளவில் அலுமினியக் குழாய் செய்தாலும் மாறுநிலை வேகம் ஏறக்குறைய மாறாது. எடை குறைந்த அளவுக்கு விறைப்பும் குறைந்துவிடுகிறது அல்லவா? விட்டத்தை 90 மில்லிமீட்டராகப் பெருக்கினால்தான் எல்லை 6,500 சுற்றுக்கு உயரும். அவ்வாறு பெருக்கியும், சுவரைத் தடிப்பாக்கியும், எடை ஏறாமல் காப்பதே அலுமினியத்தின் சிறப்பு. நீளமோ இதனினும் முக்கியம். நீளம் இரட்டித்தால் எல்லை நாலில் ஒன்றாகிவிடும். தொழிற்சாலையார் தண்டை இரு துண்டாக்கியதன் நோக்கம் இப்போது விளங்கும். எடை குறைந்தும் விறைப்பு மிக்கதான கார்பன் இழை இவ்வகையில் அலுமினியத்தையும் விஞ்சியது. 2013-ஆம் ஆண்டு ஷெல்பி ஜி.டி.500 காரில் தொழிற்சாலையிலேயே கார்பன் இழைத் தண்டு அமைத்தனர்.

ஒரே துண்டான தண்டில் தேயும் உறுப்புகள் குறைவு. முடுக்கியை அழுத்தும்போதும் விடும்போதும் தோன்றும் தளர்ச்சியும் குறையக்கூடும். மறுபுறம், நடு பேரிங்கைச் சூழ்ந்த ரப்பர் விழுங்கிவந்த அதிர்ச்சி, இனி இருக்கை வரை எட்டலாம். இணைப்புகளின் கோணம் பிசகினாலும், குழாயில் சிறு நசுங்கல் விழுந்தாலும், சமநிலை தவறினாலும், அதிர்ச்சி பெருகும். வேகத்தில் தண்டு முறிந்து அதன் முன்முனை தரையில் ஊன்றுமாயின் விளைவு கொடியது. அமெரிக்கக் கால் மைல் பந்தயங்களில், மிக வேகமான கார்களுக்குத் தண்டைச் சுற்றி இரும்பு வளையம் ஒன்று இருத்தல் வேண்டும் என விதித்திருப்பது இதனாலேயே.

ஆகவே, பந்தயத்தில் ஓடுபவரும், எஞ்சினின் ஆற்றலைப் பெருக்கியவரும், பழைய தண்டு தேய்ந்து எப்படியும் மாற்றவேண்டிய நிலையில் உள்ளவரும் அலுமினியத் தண்டை வாங்கலாம். தம் காரின் நீளத்துக்கும் வேகத்துக்கும் உரிய எல்லையைத் தயாரிப்பாளரிடம் கேட்டறிந்து, சமநிலை சோதித்த தண்டையே பூட்டுதல் வேண்டும். நாள்தோறும் அலுவலகத்துக்குச் சென்று திரும்புபவருக்கு நல்ல நிலையில் உள்ள எஃகுத் தண்டே போதும். அப்பணத்தை நல்ல டயருக்கும் பிரேக்குக்கும் செலவிட்டால், பயனை ஒவ்வொரு திருப்பத்திலும் உணரலாம். எடை குறைந்தது என்று ஒருவர் கூறினால், எங்கே குறைந்தது, அதனால் எவ்வளவு கூடியது என்று கேட்டுப் பழகுவோமாக.