இலண்டனில் நல்ல பொரித்த கோழி எங்கே?

இலண்டன் மாநகரின் எந்தப் பிரதான வீதியில் இறங்கி நடந்தாலும் பொரித்த கோழியின் மணம் எம்மைத் தேடி வந்துவிடும். சிவப்பும் வெள்ளையுமாய் ஒளிரும் பெயர்ப்பலகை, அதில் ஏதோ ஓர் அமெரிக்க மாநிலத்தின் பெயர், உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள் குவிந்து கிடக்கும் துண்டுகள். இவற்றுள் எந்தக் கடை சிறந்தது என்று கேட்டால் இந்நகரத்துப் பிள்ளைகள் சண்டைக்கே வந்துவிடுவார்கள். நாமும் ரூட்டிங், குறொய்டன், ஈஸ்ட்ஹாம், வெம்பிளி எனச் சில வாரங்கள் அலைந்து உண்டு பார்த்தோம்.

கேணல் சாண்டர்சின் கென்ரக்கிக் கோழி பிரித்தானியாவுக்கு வந்தது 1965இல், பிறெஸ்ரன் நகரில். ஆனால் தென் இலண்டன் இளைஞர்கள் பெருமையோடு சொல்லும் பெயர் மோலிஸ். 1985இல் சிடனத்தில் அதன் முதற் கடையைத் திறந்தவர் இலங்கையிற் பிறந்த கண்ணலிங்கம் செல்வேந்திரன் என்பதை எம்மவரிற் பலரே அறியார். பெயரைப் பார்த்து ஆங்கிலேயரின் கடை என்றே எண்ணியிருப்பர்.

சுவைக்கு வருவோம். மாவில் என்ன மசாலா சேர்க்கிறார்கள் என்பதைக் கடைக்காரர் எவரும் சொல்லார். அதை நாம் அறியவேண்டிய தேவையும் இல்லை. பார்க்கவேண்டியது எண்ணெயை. எலும்போடு கூடிய துண்டு உள்ளே வேகுமுன் வெளியே கருகிவிடும் என்பதாலேயே மூடி இறுக்கிய அழுத்தச் சட்டியில் அதனைப் பொரிக்கிறார்கள். நீராவி வெளியேறாததால் தசை விரைவாக வெந்து சாறும் தங்குகிறது. எண்ணெய் பழசானால் இவ்வளவும் வீண். அது கறுத்து, நுரைத்து, துண்டின் தோலிலே கசப்பாக ஒட்டிக்கொள்ளும். நாம் நுழைந்த கடைகளிற் பாதியில் அந்தக் கசப்பே எமக்குக் கிடைத்தது.

குறையைக் கடைக்காரர் மீது மட்டும் சுமத்துவது நியாயமன்று. 2022இல் உக்ரைன் போரினால் சமையல் எண்ணெயின் விலை துள்ளி ஏறியது. பக்கத்துக் கடை விலையைக் கூட்டாதபோது இவரும் கூட்ட முடியாது. ஆகவே இன்று கொட்டவேண்டிய எண்ணெய் நாளை மறுநாள்வரை இழுபடுகிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். தொண்ணூறுகளில் இங்கு வந்த அகதி ஒருவர் ஆறு மாதம் காத்திருந்தபின் வேலை அனுமதி கேட்கலாம். அவ்வாறு வந்தோரிற் பலர் முதலிற் கால்வைத்தது இத்தகைய கடைகளின் சமையற்கட்டில்தான். 2002 யூலையில் அச்சலுகை நீக்கப்பட்டது. அனுமதியற்றவர் ஒருவரை வேலைக்கு வைத்துப் பிடிபட்டால் 2024 முதல் 45,000 பவுண்வரை தண்டம். இதனால் முதலாளியே நள்ளிரவுவரை அடுப்படியில் நிற்கிறார். வெறியில் வந்து கூச்சலிடுவோரைச் சமாளிப்பவரும் அவரே. இளைஞர்கள் அவரை ‘பொஸ்மன்’ என்று அழைப்பது மரியாதையா கேலியா என்பது அன்றைய இரவைப் பொறுத்தது.

எமக்கு மிகவும் பிடித்த கோழி ரூட்டிங்கில், பிரதான வீதியிலிருந்து சற்று விலகிய சிறு கடையொன்றிற் கிடைத்தது. தோல் கண்ணாடி போல் நொறுங்கியது. தொடையை எலும்புவரை கடித்தபோதும் உப்பும் மிளகும் உள்ளே இறங்கியிருந்தன. பெயரைப் போடவேண்டாம் என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டார். “ஒரேயொரு சட்டிதான் ஐயா இருக்கு. நீங்கள் எழுதினால் சனம் வந்து நிக்கும், நான் அவசரத்திலை இறக்கிப் போடுவன்” என்றார். கோழியின் உட்புறம் 70 பாகை வெப்பத்தில் இரண்டு நிமிடமாவது நிற்கவேண்டும் என்பது இந்நாட்டு உணவுத் தர முகவரகத்தின் அறிவுறுத்தல். அவர் வெப்பமானியைக் குத்திப் பார்த்தே எடுக்கிறார்.

வாசகர்கள் தத்தம் ஊரிலேயே இத்தகைய கடையைக் கண்டுபிடிக்கலாம். பாடசாலை விடும் நேரமான மூன்றரை மணிக்குப் பின் செல்லுங்கள். அப்பொழுது துண்டுகள் கண்ணாடிப் பெட்டியிற் காய்வதில்லை. நெஞ்சுத் துண்டை விட்டுத் தொடையைக் கேளுங்கள். எண்ணெய் என்றைக்கு மாற்றினீர்கள் என்று தமிழிலேயே கேட்டுப் பாருங்கள். ரூட்டிங் கடைக்காரர் தயங்காமற் சொன்னார்: “நேற்று இரவு.”