வெப்பம் காணும் காமிராவும் வில்லையின் பார்வைக் கோணமும்

2020 ஏப்ரல் 1 அன்று மும்பையின் தாராவிப் பகுதியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். சுமார் இரண்டரைச் சதுர கிலோமீட்டர் பரப்பில் பல லட்சம் மக்கள் நெருங்கி வாழும் இடம் அது. அடுத்து வந்த வாரங்களில் மருத்துவர்களும் மாநகராட்சி ஊழியர்களும் சந்து சந்தாகச் சென்று மக்களின் உடற்சூட்டைத் தொடாமலே அளந்தனர். கையடக்கமான ஒரு கருவியை நெற்றிக்கு நேரே நீட்டியதும் அதில் ஓர் எண் தோன்றும், அவ்வளவே வேலை. ஆயினும் அந்த எண் எதனுடைய வெப்பநிலை என்பது, நினைக்கும் அளவுக்கு எளிய கேள்வியன்று.

இத்தகைய நெற்றி வெப்பமானியை மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் தூரத்தில் பிடிக்க வேண்டும் என்பது பொதுவான விதி. கருவியின் பார்வை ஒரு கூம்பு போல விரிந்து செல்கிறது. தொற்றுக்கு அஞ்சிக் கையை நீட்டி, ஒரு முழத் தொலைவில் நின்று பிடித்தால், கூம்பின் வாய் நெற்றியைவிடப் பெரிதாகிவிடும். நெற்றியோடு தலைமுடியும் பின்னாலுள்ள சுவரும் அதனுள் வந்து சேர, கருவி அனைத்துக்கும் சராசரி கண்டு ஓர் எண்ணைக் காட்டும். 39 டிகிரி காய்ச்சல் உள்ளவர் அந்தச் சராசரியில் நலமுள்ளவராகத் தோன்றிவிடக்கூடும். கருவி பழுதன்று, அது பார்த்த பரப்பு வேறு.

வெப்பம் காணும் காமிராவை இத்தகைய வெப்பமானிகள் பல்லாயிரம் சேர்ந்த ஒரு தொகுதி எனக் கொள்ளலாம். இன்று பரவலாக விற்கப்படும் ஒரு வகையில் 320-க்கு 240 என்ற கணக்கில் 76,800 படப்புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியே ஒரு சிறு கூம்பு உண்டு. 1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல், முப்பட்டகம் பிரித்த சூரிய ஒளியில் சிவப்பு நிறத்துக்கு அப்பால் வைத்த வெப்பமானி சூடேறக் கண்டார். அவர் கண்ட அதே அகச்சிவப்புக் கதிர்களையே இப்புள்ளிகளும் பெறுகின்றன. அவற்றை எவ்வளவு அகலமான பரப்பிலிருந்து திரட்ட வேண்டும் என்பதை முடிவு செய்வது முன்னாலுள்ள வில்லை.

காமிரா வாங்கச் செல்வோர் பெரும்பாலும் படப்புள்ளிகளின் தொகையையும் விலையையும் மட்டுமே கேட்கின்றனர். வில்லையின் பார்வைக் கோணத்தையும் உடன் கேட்டறிதல் அவசியம். மேற்சொன்ன 320 புள்ளிக் காமிராவுக்கு 24 பாகை வில்லை பொருத்தினால், 10 மீட்டர் தொலைவில் அது காணும் அகலம் சுமார் 4¼ மீட்டர். 45 பாகை வில்லையாயின் அகலம் 8¼ மீட்டருக்குச் சற்று மிகும். 12 பாகையாயின் சுமார் 2.1 மீட்டரே. இந்த அகலத்தை 320-ஆல் வகுத்தால் ஒரு புள்ளியின் பங்கு கிடைக்கும். 24 பாகையில் அது 13 மில்லிமீட்டர். 45 பாகையில் 26. 12 பாகையில் ஆறரை மில்லிமீட்டர். பரப்பு விரிய விரிய நுட்பம் குறைகிறது என்பது இதனால் விளங்கும்.

ஒரு பொருள் படத்தில் தெரிவது வேறு. அதன் வெப்பநிலை சரியாக அளக்கப்படுவது வேறு. ஒரே ஒரு புள்ளியை நிரப்பும் பொருள் கண்ணுக்குத் தெரியும். ஆனால் வில்லையின் இயல்பால் அண்டைப் புள்ளிகளின் கதிர்களும் சிறிது கலந்துவிடுவதால், அளவு மெய்யாக இருக்க நீளத்திலும் அகலத்திலும் மூன்று புள்ளிகளையேனும் அப்பொருள் நிரப்ப வேண்டும் என்பது தொழிலறிந்தோர் கைக்கொள்ளும் விதி. 90 டிகிரி சூடேறிய மின்னிணைப்பு ஒரு புள்ளியில் பாதியை மட்டும் நிரப்ப, மறுபாதியில் 30 டிகிரியிலுள்ள சுவர் இருப்பதாகக் கொள்வோம். காமிரா காட்டுவது சுமார் 64 டிகிரியே. பின்னால் இருப்பது சுவருக்குப் பதில் தெளிந்த வானமாயின் எண் இன்னும் தாழும். ஏனெனில் அகச்சிவப்புக் கதிர்களின் பார்வையில் வானம் மிகக் குளிர்ந்த பொருள். "அடுத்த மாதம் கவனிக்கலாம்" என்று ஊழியர் குறித்து வைத்துச் செல்லும் இணைப்பு, அன்றிரவே உருகி அறுந்துவிடக்கூடும்.

இக்கணக்கைத் தாதர், மாட்டுங்கா வழியே நாள்தோறும் மக்கள் காணும் ரயில் மின்கம்பிக்குப் பொருத்திப் பார்க்கலாம். இந்தியாவின் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3 அன்று அப்போதைய விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லா வரை ஓடியது. மின்னழுத்தம் 1,500 வோல்ட், நேர் மின்னோட்டம். மும்பைப் புறநகர்ப் பாதைகள் 2016-க்குள் 25,000 வோல்ட் மாறு மின்னோட்டத்துக்கு மாற்றப்பட்டுவிட்டன. ஒரே திறனுக்கு இப்போது தேவைப்படும் மின்னோட்டம் ஏறத்தாழ பதினேழில் ஒரு பங்கு. இணைப்பில் எழும் வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே தளர்ந்த இணைப்பு பழைய நாட்களைப் போலத் தகித்து நின்று தன்னைக் காட்டிக்கொடுப்பதில்லை. அதிலும், வண்டி அப்பகுதியில் மின்சாரத்தை இழுக்கும் வேளையில்தான் சூடு ஏறும். சிறிய வேறுபாட்டைச் சிறிது நேரத்துக்குள் பிடிக்க வேண்டியிருப்பதால் வில்லையின் தேர்வு முன்னிலும் முக்கியமாகிறது.

ரயிலின் மேல்தண்டு உராயும் கம்பியின் விட்டம் சுமார் 12 மில்லிமீட்டர். நடைமேடையில் நிற்பவருக்கு அது சாய்வாக ஐந்து மீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொண்டால், 24 பாகை வில்லையில் மூன்று புள்ளிகளின் அகலம் 2 சென்டிமீட்டர். கம்பி அதை நிரப்பாது. காட்டும் எண் நம்பத்தக்கதன்று. 12 பாகை வில்லையில் மூன்று புள்ளிகள் ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கும், கம்பி தேறிவிடும். செம்பூரை அடுத்த டிராம்பே மின்நிலையப் பக்கத்து உயர்கோபுரங்களில், 30 மீட்டர் உயரத்திலுள்ள 10 சென்டிமீட்டர் பிடிப்பானைத் தரையிலிருந்து அளப்பதற்கும் இதுவே கணக்கு. 24 பாகைக்கு அது எட்டாது. 12 பாகைக்கு எட்டும்.

அப்படியாயின் எப்போதும் ஒடுங்கிய கோணமே சிறந்ததா? தாராவிச் சந்துக்குச் சென்றால் விடை மாறிவிடும். அங்கே மீட்டர் பலகைகள் சுவரோடு சுவராக வரிசையாக நிற்கும். பார்ப்பவர் முதுகு எதிர்ச்சுவரில் இடிக்கும். ஒரு மீட்டர் தூரத்தில் 24 பாகை வில்லை காண்பது 42 சென்டிமீட்டர் அகலமே; 12 பாகை வில்லை அதில் பாதி. பலகையைத் துண்டு துண்டாகப் பார்த்துச் செல்லும் ஊழியர் ஒரு துண்டை விட்டுவிடுவது இயல்பு. மரமும் தகரமும் பிளாஸ்டிக்கும் நெருங்கிய இடத்தில் அந்த ஒரு துண்டு போதும் தீப்பற்ற. 45 பாகை வில்லை 83 சென்டிமீட்டரை ஒரே பார்வையில் தரும். அவ்வளவு அருகில் மூன்று புள்ளிகளின் அகலம் 8 மில்லிமீட்டர் மட்டுமே ஆதலால் நுட்பத்திலும் பெருங்குறை இல்லை. தகரச் சுவர்களைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை: பளபளப்பான தகடு தன் வெப்பத்தைவிட, எதிரே நிற்கும் ஊழியரின் உடல் வெப்பத்தையே அதிகம் திருப்பிக் காட்டும்.

ஒரே வில்லைதான் வாங்க முடியும் என்னும் அலுவலகம், விலைப்பட்டியலைத் திறக்குமுன் தன் வேலையில் மிகச் சிறிய பொருள் எது, மிகத் தொலைவில் நிற்பது எது என்று அளந்து எழுதிக்கொள்வது நலம். பட்டியலில் ஒரு புள்ளிக்குரிய கோணம் மில்லிரேடியன் என்ற அலகில் தரப்பட்டிருக்கும். ஒரு மில்லிரேடியன் என்பது ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு மில்லிமீட்டர். ஆகவே அந்த எண்ணைத் தூரத்தாலும், பின்னர் மூன்றாலும் பெருக்கினால் தேவையான கணக்கு முடிந்தது. படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டும் வசதியில் மயங்க வேண்டாம். அது புள்ளிகளைப் பருக்கச் செய்யுமேயன்றிப் புதிய செய்தி எதையும் தராது. 640 புள்ளி அகலமுள்ள காமிரா 24 பாகை வில்லையுடன், 320 புள்ளிக் காமிராவின் 12 பாகை நுட்பத்தைப் பரப்புக் குறையாமலே தரும். பணமிருப்பின் அதுவே என் தேர்வு.

வில்லைகள் விலை மிகுந்தவையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. சாதாரணக் கண்ணாடி இக்கதிர்களைத் தடுத்துவிடும். ஆகவே 1886-இல் கிளெமென்ஸ் விங்க்ளர் கண்டுபிடித்த ஜெர்மானியம் என்னும் அரிய தனிமத்தால் பல வில்லைகள் செய்யப்படுகின்றன. கோணம் ஒடுங்க ஒடுங்கக் குவிதூரம் நீண்டு வில்லையும் பருக்கிறது. மேலும், வில்லையும் காமிராவும் சேர்த்தே அளவு திருத்தப்படுபவை. ஓர் அலுவலகத்தின் வில்லையை மற்றோர் அலுவலகத்தின் காமிராவில் மாட்டிப் பார்ப்பது முறையன்று.

காமிரா இல்லாத பள்ளியிலும் இதைக் கற்பிக்கலாம். 20 சென்டிமீட்டர் நீளமும் 4 சென்டிமீட்டர் விட்டமும் கொண்ட அட்டைக் குழாய் ஒன்றின் வாயில், 4 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு நூலால் வலை பின்னுக. வெண்சுவரில் 5 சென்டிமீட்டர் பக்கமுள்ள கறுப்புச் சதுரம் ஒன்றை ஒட்டுக. குழாயின் மறுமுனையில் கண்ணை வைத்து, இரண்டரை மீட்டர் தூரத்தில் நின்று நோக்கினால் சதுரம் வலையின் ஒரு கட்டத்தைச் சரியாக நிரப்பும். ஐந்து மீட்டருக்குப் பின்வாங்கினால் கட்டத்தில் கால் பங்கே நிரம்பும். கறுப்புச் சதுரம் 90 டிகிரி, சுவர் 30 டிகிரி எனக் கொண்டு அந்தக் கட்டம் எவ்வளவு காட்டும் என்று மாணவரைக் கேட்கலாம். எளிய சராசரி 45 டிகிரி என்று வரும்; கதிர்வீச்சு தனிவெப்பநிலையின் நான்காம் படியைப் பொறுத்தது என்று பயின்ற மேல்வகுப்பு மாணவர் கணக்கிட்டால் 48 டிகிரி என்பர்.